நூல் கட்டிய சுரைக்காய்

கடை ஷட்டரைப் பாதி தூக்கியபோது பரங்கிப்பேட்டையிலிருந்து போன். "மாமா, அத்தா மவுத்தாயிட்டாங்க" என்றாள் ஹமீது பாயின் மகள். பாயின் அடக்கத்துக்குப் போக, ஷட்டரை இறக்கிவிட்டு பஸ் ஏறினேன்.

சிதம்பரத்தில் விதைக்கடை வைத்திருப்பவன் நான். சவூதியிலிருந்து திரும்பிய பாய் முதல்முறை கடைக்கு வந்தபோது பாக்கெட்டைப் புரட்டிப் பார்த்து, "இதுல காய்க்கிறதுலேருந்து வெதை எடுக்கலாமா?" என்று கேட்டார்.

"ஒட்டுரகம் பாய். எடுத்தா அதே மாதிரி வராது. அடுத்த வருஷமும் என்கிட்டதான் வரணும்."

"அப்ப இது வெதை இல்ல மொதலாளி, வாடகை" என்றார். அன்றிலிருந்து சிநேகம்.

அவர் வீட்டுச் சுரைக்கொடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தியில் பூ மலர்ந்ததும் ஆண் பூவைப் பெண் பூவில் தடவி, வேறு மகரந்தம் புகாதபடி இதழ்களை நூலால் கட்டுவார். அடையாளத்துக்குக் காம்பிலும் ஒரு சிவப்பு நூல். "நூல் உள்ளது வெதைக்கு, இல்லாதது கொழம்புக்கு" என்பார். அடுத்த வேலியில் கசப்புச் சுரை படர்ந்திருந்ததால் அந்தக் கவனம்.

அவர் விற்கக் கொடுத்த விதைக்கு என் கடையில் கிராக்கி ஏறியது. கண் ஆபரேஷனுக்காக அவர் கடலூரில் இருந்த வாரம், "பாய் எடுத்துக்கச் சொன்னாரு" என்று அவர் வீட்டில் பொய் சொல்லி, கூரையில் காய்ந்து கிடந்த நூல் இல்லாத காய்களையும் அள்ளி வந்தேன். விதை எடுத்து விற்றும்விட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒருவர் சுரைக்காயைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். "நீயே கடிச்சுப் பாருய்யா." கடித்தேன். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தும் கசப்பு நாக்கிலிருந்து போகவில்லை. தள்ளுவண்டியில் தொடங்கி நான் கட்டிய கடையின் பெயர் அந்த வாரத்தோடு போய்விடும் என்று புரிந்தது.

பாயிடம் ஓடி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. "யார் யாருக்குக் குடுத்த?" என்று மட்டும் கேட்டார். இருவரும் வீடுவீடாகப் போனோம். முதல் வீட்டில், "வெதை லாட்டு மாறிப்போச்சுங்க" என்று ஆரம்பித்தேன். பாய் என் கையைப் பிடித்தார்.

"கசப்பத் தின்னவங்களுக்குப் பொய்யையும் ஊட்டாத. நடந்தத சொல்லு."

சொன்னேன். சிலர் ஏசினார்கள். கொடிகளை நானே பிடுங்கினேன். அடுத்த பட்டத்துக்கென்று சாம்பலில் புரட்டி வைத்திருந்த தன் விதைகளை அவர் ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்தார். கடைசி வீட்டுக்குப் பிறகு டப்பாவில் மிச்சம் நான்கே விதை. "ஒண்ணு மொளைச்சாலும் போதும்" என்றார் பாய். "ஆனா இனிமே எம் பொண்டாட்டி ஒன்ன தோட்டத்துப் பக்கம் விடமாட்டா."

அடக்கம் முடிந்து மறுநாள் கடை திறந்தேன். ஒரு அம்மா அவரைக்காய் விதைப் பாக்கெட்டோடு வந்தார். எதுவும் முளைக்கவில்லையாம்.

"தப்பு என்னுதும்மா. மொளைக்க வெச்சுப் பாக்காம வித்துட்டேன்."

சந்தேகத்தோடு என்னைப் பார்த்துவிட்டு வேறொரு பாக்கெட்டை எடுத்தார். "இதாவது மொளைக்குமா?"

"தெரியாது. ஈரத்துணியில போட்டுப் பாக்குறேன். அடுத்த வாரம் வாங்க."

கைக்கு வந்த விற்பனையை இப்படித் திருப்பி அனுப்புகிற வழக்கம் முன்பு என்னிடம் இல்லை. அது ஹமீது பாய் கொடுத்தது. அதை வைத்துக்கொள்கிறேன்.