பெண் வீட்டுக் குலவை

திண்டுக்கல்லில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவள் நான். என் கம்ப்யூட்டரில் இருப்பது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருக்கிற இலவச மென்பொருள். எங்கள் தெருவில் மற்ற ஸ்டூடியோக்காரர்கள் விலையுள்ள மென்பொருளைக் கிராக் போட்டு ஓட்டுகிறார்கள். திருட்டுச் சரக்கு என் மேசையில் ஏறாது என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு ‘ஓசி அக்கா’ என்று பெயர். இருக்கட்டும். ‘திருட்டு அக்கா’வுக்கு இது எவ்வளவோ மேல்.

அந்தப் பெயரையும் கெடுக்க வந்தது ஒரு கல்யாணம். எரியோட்டுப் பெண், செம்பட்டி மாப்பிள்ளை. வீடியோ கொடுத்த மறுநாளே பெண்ணின் அத்தை பென்டிரைவோடு கடைக்குள் நுழைந்தார்.

“ஏந்தாயி, மாப்ள வீட்டுக் கொலவ மட்டும் கணீர்னு கேக்குது. நாங்க போட்டது எங்க போச்சு? அவுக சொல்லி வெட்டிட்டியாக்கும்?”

எனக்குச் சுரீரென்றது. தாலி கட்டும்போது இரண்டு வீட்டுப் பெண்களும் போட்டி போட்டுக் குலவையிடுவார்கள். யாருடையது ஓங்கியது என்ற பேச்சு மாசக்கணக்கில் ஓடும். வருகிற ஞாயிற்றுக்கிழமை செம்பட்டியில் தாலி பிரித்துக் கோர்க்கும் விசேஷம். சொந்தபந்தம் மொத்தமும் உட்கார்ந்து இந்த வீடியோவைத்தான் பார்க்கப்போகிறது. பெண் வீட்டு மானமும் என் பிழைப்பும் அந்தச் சத்தத்தில் மாட்டிக்கொண்டிருந்தன.

ஓட்டிப் பார்த்தேன். பெண் வீட்டுப் பக்கம் சிக்னல் இல்லாத போன் மாதிரி ‘லு... லு...’ என்று விட்டுவிட்டுக் கேட்டு, அப்படியே செத்துப்போனது.

பக்கத்து ஸ்டூடியோ அண்ணன் எட்டிப் பார்த்தார். “ஓசில கெடைக்கிறது இப்படித்தாம்மா இழுக்கும். கிராக் போட்டுத் தாரேன், செத்த நேரத்துல முடிஞ்சிரும்.”

“வேணாம்ணே. கோளாறு எங்கன்னு பாத்துட்டுத்தான் எந்திரிப்பேன்.”

பெண் வீட்டுப் பக்கம் ஒன்றும் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒன்றுமாக நின்ற இரண்டு கேமராக்களும் ஒலியைப் பதியும் வேகம் ஒத்துப்போகாவிட்டால் சத்தம் தெறிக்கும். அதைப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. கம்ப்யூட்டர் திணறியிருக்குமோ என்று மற்றதையெல்லாம் மூடிவிட்டு, எடிட் செய்ததை மறுபடி முழு வீடியோவாக்கிப் பார்த்தேன். அதே ‘லு... லு...’. கேமராவிலிருந்து வந்த மூலப் பதிவைத் தனியாக ஓட்டினேன். குலவை காதைப் பிளந்தது! அப்படியென்றால் கேமரா குற்றமில்லை. எடிட்டிங்கில்தான் ஏதோ அதை விழுங்குகிறது.

“மிசினு பாட்டுக்கு முழுங்குமா?” அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. “இந்தா, இப்பவே போடுறேன், புடி. எம் முன்னால முழுங்கட்டும் பாப்போம்!”

மைக்கை நீட்டினேன். எடிட்டிங்கில் பெண் வீட்டுச் சத்தம் இருந்த அதே டிராக்கில், அந்த ஒலி வரிசையிலேயே, பதிவாகும்படி வைத்தேன். அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போட்டார் ஒரு குலவை. டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸோடு ஓடி வந்தார்கள். திரையில் ஒலிக்கோடு மலை மலையாக எழுந்தது. திருப்பி ஓட்டினால் ‘லு... லு...’.

அப்போதுதான் உறைத்தது. ஜெனரேட்டர் பெண் வீட்டார் நின்ற பக்கம் ஓடியது. அந்த உறுமலைப் போக்க அந்த டிராக்கில் மட்டும் இரைச்சல் நீக்கும் ஃபில்டரைப் போட்டிருந்தேன். அது ஜெனரேட்டரோடு சேர்த்துக் குலவையையும் துடைத்திருக்கிறது.

ஃபில்டரைத் தூக்கி எறிந்தேன். தாழ்ந்த சுருதியில் உறுமுகிற சத்தத்தை மட்டும் வெட்டும் வேறொன்றைப் போட்டேன். ஜெனரேட்டர் அடங்கியது, குலவை நிமிர்ந்தது.

கிராக் போட்டவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? எனக்குக் கேட்க ஆள் உண்டு. அத்தையிடம் சொல்லிவிட்டு அவர் குலவையை மென்பொருள்காரர்களின் இணைய மன்றத்தில் ஏற்றி, இது ஏன் அழிகிறது என்று கேட்டேன். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் உடனே பதில் போட்டார்: அந்த ஃபில்டர் பேச்சுக்கானது, பேச்சல்லாதது எல்லாம் அதற்கு இரைச்சல்தான்.

அத்தைக்குப் படித்துச் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது.

“எரச்சலா? எங்கண்ணன் மகள நல்லாரு நல்லாருன்னுல்ல சொன்னேன். அது பேச்சில்லாம என்ன? எழுது அவனுக்கு!”

வார்த்தை மாறாமல் எழுதினேன். பென்டிரைவை வாங்கும்போது அத்தை குரலைத் தாழ்த்தினார். “நம்மளுத மட்டும் செத்த தூக்கி வையேன்.”

“வெட்டவும் மாட்டேன், தூக்கவும் மாட்டேன் பெரியம்மா. போட்டது போட்டபடிதான் இருக்கும்.”

“அது போதும். போட்டபடி இருந்தா எங்களுதுதான் ஓங்கும்!”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செம்பட்டியிலிருந்து போன் வந்தது. “கேளு தாயி” என்று சொல்லிவிட்டு அத்தை போனை வீடியோ ஓடிய டிவிப் பக்கம் திருப்பினார். அங்கே ஒலித்த குலவையைப் போன் மென்று துப்பிய பிறகு என் காதுக்கு வந்தது வெறும் ‘லு... லு...’.

போனுக்கும் குலவை இரைச்சல்தான் போல. இந்தப் போன்காரனையும் ஒரு கை பார்க்க வேண்டும்.