விரதத்தன்று போட்ட மாத்திரை

எனக்கு முதலில் வந்தது மயக்கமல்ல, கோபம்.

பங்குனி உத்திரத்தன்று செட்டிகுளம் மலைக்குக் காவடி எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன். வெறும் வயிறு. விடியுமுன் கிளம்பிய நடை. வெயில் ஏறியதும் பசி திடீரென்று நின்றுபோனது. முருகன் அருள் என்று நினைத்தேன். சற்று நேரத்தில், பக்கத்தில் பம்பை அடித்து வந்தவரை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. காரணமே இல்லை. நான் சைக்கிள் கடை வைத்திருப்பவன். கடைக்கு வருபவர்களிடம்கூடத் தலை நிமிர்ந்து பேசாதவன்.

பிறகு உதடு மரத்தது. கை நடுங்கியது. வெயிலில் வரும் வியர்வை சூடாக இருக்கும். இது கிணற்றுத் தண்ணீர் போலச் சில்லென்று வழிந்தது. முன்னே போன காவடி இரண்டாகத் தெரிந்தது. கால்கள் தாறுமாறாகப் போயின.

"சாமி வந்துருச்சு!" என்றார்கள். பம்பை வேகமெடுத்தது. குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு பெண் காலில் விழுந்து, "எம்மவளுக்கு எப்ப கல்யாணம் ஆவும்? சொல்லு சாமி" என்று கேட்டார். நான் செத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் கல்யாணத்துக்கு நாள் கேட்டார்கள்.

என் மனைவி மட்டும் நம்பவில்லை. "இவருக்குச் சாமியெல்லாம் வராதுங்க. நாலு பேரு முன்னால தும்முறதுக்கே வெக்கப்படுவாரு. நவுருங்க!" என்று கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தண்ணீர்ப் பந்தலில் வாங்கிய பானகம் என் உதடு வரைக்கும் வந்தது. அவள் அண்ணன் டம்ளரைத் தட்டிவிட்டார்.

"மலையேறுறதுக்கு முன்னாடி விரதத்தக் கெடுக்கப் பாக்குறியா? அறிவிருக்கா உனக்கு?"

பானகம் மண்ணில் ஊறியதைப் பார்த்தேன். அதற்குப் பின் நினைவில்லை.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கை நரம்பில் குளுக்கோஸ் (சர்க்கரை கலந்த நீர்) ஏறிக்கொண்டிருந்தது. எனக்குச் சர்க்கரை நோய் என்று பொங்கல் கழிந்துதான் தெரிந்திருந்தது. அப்போது என் சிறுநீரை நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சிப் பார்த்தார்கள். சர்க்கரை இருப்பதற்கு அடையாளமாகச் செங்கல் நிறமாக மாறியது. "மாத்திரைய ஒரு நாளும் விடக்கூடாது. நல்லா நடக்கணும்" என்றார் டாக்டர். காவடி எடுத்த அன்று இரண்டையும் தவறாமல் செய்திருந்தேன்.

அதே டாக்டர் இப்போது கத்தினார். "வெறும் வயித்துல மாத்திர போடுவாங்களாய்யா? விரதம்னு ஒரு வார்த்த கேட்டா என்ன?"

மனைவிதான் கேட்டாள். "ஒரு நாளும் விடாதன்னு நீங்கதான சார் சொன்னீங்க? சாப்புடாத நாளும் ஒரு நாளுதான?"

அவர் குளுக்கோஸ் பாட்டிலைச் சரிபார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி விளக்கினார். இது தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்குவது). மாத்திரை, பட்டினி, பாரத்தோடு நடை மூன்றும் சேர்ந்து இறக்கிவிட்டன. மூளைக்குத் தீனி குறைந்ததும் கோபம் வரும், பேச்சு குளறும். பார்ப்பவருக்குக் குடித்தவன் போலவோ சாமியாடி போலவோ தெரியும் என்றார். இதை முதல் நாளே சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

மாலையில் மச்சான் திருநீற்றோடு வந்தார். "சாமிதான் காப்பாத்திச்சு மாப்ள. அடுத்த வருசமும் நீங்கதான் எடுக்கணும். ஊரே உங்ககிட்ட வாக்குக் கேக்கணும்னு இருக்கு."

பானகத்தைத் தட்டிவிட்டது யார் என்று கேட்கத் துடித்தேன். கூச்சத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அவர் சொன்னபடி இன்னொரு முறை எடுத்தால் என் மனைவி தாலியறுப்பாள் என்பது மட்டும் தெரிந்தது.

மறுவருடம் மாசியிலேயே மச்சான் காவடித் தண்டோடு கடைக்கு வந்து நின்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். "நீங்க தட்டிவிட்ட பானகத்த மொதல்ல எடுத்துக்கிட்டு வாங்க மச்சான். அப்பறம் பேசலாம்." தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி என் குரல் எழுந்தது அன்றுதான். அவர் தண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

என்னைப் போல மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். விரதமிருக்க ஆசைப்பட்டால் முன்கூட்டியே டாக்டரிடம் போய், அன்றைக்கு மாத்திரையை என்ன செய்வது என்று கேளுங்கள். அவர் சிடுசிடுத்தாலும் கேளுங்கள். பட்டினி நாளில் பாரம் தூக்காதீர்கள், வெயிலில் நடக்காதீர்கள். மடியில் வெல்லம் இருக்கட்டும். வியர்வை குளிர்ந்தால், உதடு மரத்தால், காரணமில்லாமல் ஆத்திரம் வந்தால் உடனே உட்கார்ந்து தின்றுவிடுங்கள். விரதம் போனால் போகட்டும். நினைவிழந்தவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சில் ஏறிவிடும். ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எனவே இந்தக் கோபம் சர்க்கரை குறைந்து வந்ததல்ல.

முன்பெல்லாம் வெயிலைப் பார்த்துச் சாப்பாட்டு வேளையை அறிவேன். இப்போது வியர்வை குளிர்கிறதா என்று அடிக்கடி கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். என் உடம்பை நானே காவல் காக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பங்குனியில் கடை வழியே காவடி போனது. ஒருவர் கண் செருக ஆடிக்கொண்டிருந்தார். ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் போய் அவர் பிடரியில் கை வைத்தேன்.

"யோவ், சாமியத் தொடாதய்யா!" என்று யாரோ கத்தினார்கள்.

வியர்வை சூடாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பினேன்.