இயக்குநரின் குண்டும் என் மகளும்

இன்று காலை மன்னார் டவுனில் பால்மா வாங்கப் போன கடையில், எங்கள் நாட்டு யுத்தத்தைப் பற்றி அந்தப் பெரிய இந்திய இயக்குநர் எடுத்த படம் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது.

குண்டு விழும் காட்சி வந்ததும், என் நாலு வயது மகள் சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டாள். ஷெல் சத்தம் கேட்டால் செய்யென்று நான் பழக்கியபடியே.

"பாத்தீங்களா தங்கச்சி, சத்தம் அவ்வளவு அசல்! மனுசன் பெரிய கலைஞன்," என்றார் கடைக்கார நானா.

"கலைஞனாம்! இஞ்ச கால் வைக்காமலே எங்கட சாவை வடிவாக்கி வித்த ஆள்," என்றார் பாண் வாங்க நின்ற ஒரு அண்ணன்.

கம்பஸ் நாட்களில் அந்த இயக்குநருக்காக எத்தனையோ பேருடன் சண்டை பிடித்த நான், இன்று மகளைத் தூக்கி, "அது படம்தானே செல்லம், பயப்பிடாதேங்கோ" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பின்னேரம் தீவுக்கு அப்பால் பெருநிலப் பக்கமிருந்து உண்மையாகவே ஷெல் சத்தம் கேட்டது. நான் தரையில் படுத்துவிட்டேன். அவள் நின்றபடியே குனிந்து என் முதுகைத் தடவினாள்.

"அது படம்தானே அம்மா, பயப்பிடாதேங்கோ."

காலைப் பிடித்து இழுத்துத்தான் படுக்க வைத்தேன்.

அவருடைய படங்களின் ஒலியமைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நண்பர்களே, இரண்டுக்கும் என்ன வித்தியாசமென்று ஒரு நாலு வயதுக்கு விளங்கும்படி யாராவது ஒரு வரி எழுதித் தாருங்களேன்.