இலவம்பஞ்சு மூட்டைமேல் வைத்த கிட்டார்

என் கிட்டார் என்னைவிடக் குறைந்தது பதினோரு வயது மூத்தது. குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. நடுவில் இருக்கிற வட்டத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே பலகையில் ஒட்டியிருக்கிற காகிதத்தில் ஒரு ரிப்பேர்க்காரர் மலையாளத்தில் எழுதி வைத்திருக்கிறார்: கழுத்து கழன்றது, ஒட்டிக் கொடுத்தது, இன்ன வருடம் என்று. அந்த வருடத்தில் என் அம்மாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதுவும் ரிப்பேர் பார்த்த வருடம்தான். செய்த வருடம் யாருக்குத் தெரியும்?

போடி கடைவீதியில் எங்களுக்கு இரும்புச் சாமான் கடை. மலைக்கு மேலே கேரளாவில் இருந்து ஆணி, கம்பி, பைப்பு வாங்க வருகிறவர்களிடம் பேசி, அவர்கள் நீட்டுகிற சீட்டைப் பார்த்துப் பார்த்து எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். கிட்டாரும் அந்த வழியாகத்தான் வந்தது. கல்யாணமாகி வந்த புதிதில், கைமாறிய ஒரு ஏலத்தோட்டத்து பங்களாவின் சாமான்கள் லாரியில் இறங்கிப் பழைய சாமான் கடைக்கு வந்தன. நாற்காலி, அலமாரிக்கு எல்லாரும் போட்டி போட்டார்கள். கிட்டாரை யாரும் தொடவில்லை, நான்தான் காசு கொடுத்து வாங்கினேன். கழுத்தின் பின்பக்கம் கட்டைவிரல் படுகிற இடத்தில் வார்னிஷ் போய், மரமே லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. பெரிய கைக்காரர் யாரோ வருடக்கணக்கில் வாசித்திருக்கிறார். என் விரல் அந்தப் பள்ளத்தில் இன்றைக்கும் சரியாக உட்காராது. கொஞ்சம் தள்ளித்தான் பிடிக்கிறேன்.

எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எந்தக் கம்பியில் எந்த விரல் என்று படம் போட்ட ஒரு கார்டு புத்தகத்தை வைத்துக்கொண்டு, கடையில் ஆள் வராத மத்தியான நேரத்தில் நானே தட்டித் தடவிப் படித்தேன். வயதான மரத்துக்கு என்று சில குணம் இருக்கிறது. சித்திரை வெயிலில் சுருதி இறங்கும். சாரல் காலத்தில் ஏறும். பெட்டிக்குள் ஒரு சோப்பு டப்பாவில் ஈரத்துணி வைக்க வேண்டும். எஃகுக் கம்பி போடக்கூடாது, நைலான்தான். எங்கள் சர்ச் பாடகர் குழுத் தலைவர் என்னிடம் வருடா வருடம் சொல்லுவார், பிளக்கு மாட்டுகிற புது கிட்டார் ஒன்று வாங்கிவிடுங்கள், மைக்கை நெஞ்சுக்கு நேரே பிடிக்கிற பாடு மிச்சம் என்று. சரி சரி என்று தலையாட்டிவிட்டு இதையே தூக்கிக்கொண்டு போவேன்.

என் வீட்டுக்காரர் கிட்டாருக்கு ரொம்ப மரியாதை கொடுப்பார், வாயளவில். தன்னைவிடவும் அது மூத்தது என்பதால் 'பெரியவுக' என்றுதான் சொல்லுவார். பெரியவுக எந்திரிச்சாச்சா, பெரியவுகளுக்கு இன்னைக்கு என்ன நோவு, இந்த மாதிரி. ஆனால் போன வருடம் அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால், கடையில் கிட்டார் பெட்டி சரிந்து ஒரு பெயிண்ட் டப்பாவைத் தட்டிவிட்டது. தரையெல்லாம் பச்சை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இதை எங்கனயாச்சும் கொடுத்துத் தொலை" என்றார். நான் மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தேன்.

அறுப்பின் பண்டிகை பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விளைந்ததை, செய்ததை, முடிந்ததைக் கொண்டுவந்து கோயிலில் பலிபீடத்துக்கு முன்னால் பாயில் வைப்போம். சுருளிப்பட்டித் திராட்சை, மார்க்கையன்கோட்டை நெல்லு, வாழைத்தார், பூசணி, முட்டை, உயிர்க்கோழி எல்லாம் வரும். போதகர் ஐயா அத்தனையின்மேலும் கைநீட்டி ஜெபம் பண்ணுவார். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம். பாயில் வைத்து ஜெபம் பண்ணிவிட்டால் அது ஆண்டவருடையது, யாரும் திருப்பி எடுக்கக்கூடாது, வேண்டுமென்றால் ஏலத்தில் எடுக்கலாம். இதுதான் வழக்கம்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு வாத்தியார் தேங்காய்க் குவியலோடு தன் குடையையும் வைத்துவிட்டார். குடைக்கும் நம்பர் சீட்டுக் கட்டிவிட்டார்கள். அவர் கெஞ்சிப் பார்த்தார். அப்போது கமிட்டியில் இருந்தவள் நான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வர, "வச்சது வச்சதுதான் சார்" என்று சொன்னவளும் நான்தான். பாவம், தன் குடையைத் தானே ஏலத்தில் எடுத்துக்கொண்டு மழையில் போனார்.

போன வருடப் பண்டிகை அன்றைக்கு முதல் பாட்டு வாசித்து முடித்தேன். பிரசங்கம் தொடங்கிவிட்டது. பாடகர் குழு பெஞ்சில் இடமில்லை, சின்னப் பிள்ளைகள் காலடியில் ஓடிக்கொண்டிருந்தார்கள். கிட்டாரைத் தரையில் வைக்க மனசு வரவில்லை. எட்டினாற்போல் பாயின் ஓரத்தில் ஒரு இலவம்பஞ்சு மூட்டை இருந்தது. வயதான மரத்துக்கு அதைவிட நல்ல மெத்தை ஏது? குனிந்து அதன்மேல் படுக்க வைத்தேன். மிருதுவாக அமுங்கியது. நானும் நிம்மதியாகக் கண்ணை மூடிப் பிரசங்கம் கேட்டேன். ஜெபத்துக்கும் கண்ணை மூடினேன். கண்ணைத் திறந்தபோது கோயில் வேலை பார்ப்பவர் ஒவ்வொன்றாகச் சீட்டுக் கட்டிக்கொண்டு வந்து, கிட்டாரின் கழுத்திலும் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

போதகர் ஐயாவிடம் ஓடினேன். அவர் நல்ல மனுஷன். கிட்டாரைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். பிறகு, "நான் என்னம்மா செய்ய, குடைக்கு ஒண்ணு, கிட்டாருக்கு ஒண்ணுன்னு சொல்ல முடியுமா?" என்றார். எனக்குப் பின்னால் அந்த வாத்தியார் நின்றிருந்தார். கையில் அதே குடை.

சரி என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்தலில் முன்வரிசைக்குப் போனேன். என் பெரியவுகளை நான்தான் எடுக்கப் போகிறேன், இதில் பேச்சே கிடையாது என்று அந்த நிமிடத்திலேயே முடிவு பண்ணிவிட்டேன்.

ஏலம் போடுகிறவர் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். அவர் குரலுக்கு மைக் வேண்டாம். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால், பலர் வாசல் கேட்டுப் பக்கம் நின்றுகொண்டு. நடுவில் பந்தல் காலெல்லாம் வாழைமரமும் கரும்புமாகக் கட்டியிருந்ததால் திரும்பினாலும் யார் முகமும் தெரியாது. கிட்டாரைத் தூக்கிக் காட்டியதும் நம் ஜனங்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். யாரும் கேட்கவில்லை. ஒருத்தர் மட்டும் கேட்டார். குமுளியில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர், சபையில் யாருக்கோ சம்பந்தி. "நல்ல பழசாணு. ரிசப்ஷன்ல சுவத்துல தொங்கவிட்டா வர்றவுக போட்டோ எடுப்பாக" என்று பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னது என் காது வரைக்கும் வந்தது. சொல்லிவிட்டுக் கேட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

சுவரில் ஆணியா? நான் கையைத் தூக்கினேன். தூக்கிய கையை இறக்கவே இல்லை.

கண்டக்டர் ஒரு தொகை சொல்லுவார், என்னைப் பார்ப்பார், என் கை மேலேயே இருக்கும். உடனே, "கேட்டுப் பக்கம் கூட ஒண்ணு" என்று தொகையை ஏற்றுவார். மறுபடியும் என் கை. மறுபடியும் கேட்டுப் பக்கம். நான் அந்தக் கிட்டாரை வாங்கிய விலையைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. கடை ஷட்டரை மாற்றுவதற்கென்று சேர்த்துக்கொண்டிருந்த பணம் மனசுக்குள் கரைந்துகொண்டே வந்தது. பக்கத்தில் இருந்த அக்கா என் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "கை வலிக்கலையா ஆத்தா, கொஞ்சம் எறக்கு, நான் தூக்குறேன்" என்றார். பந்தலில் எல்லாரும் ஒரு மாதிரியாக வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். என் அவஸ்தை இவர்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது என்று எனக்கு ஆத்திரம்.

அப்போதுதான் அந்தக் குமுளிக்காரர் காபி டம்ளரோடு எனக்கு நேர் முன்னால் வந்து நின்று வேடிக்கை பார்ப்பதைப் பார்த்தேன். அவர் எப்போதோ விலகிவிட்டிருந்தார். ஆனால் கண்டக்டர், "கேட்டுப் பக்கம் கூட ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

எழுந்து நின்று கரும்பை விலக்கிப் பார்த்தேன். கேட்டுக்குப் பக்கத்தில், லோடு இறக்கிய தூசி சட்டையெல்லாம் இருக்க, என் வீட்டுக்காரர். கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

கடைக்கு லோடு வந்ததால் அவர் ஆராதனைக்கு வரவில்லை. ஏலம் நடக்கும்போது வந்திருக்கிறார். மேஜைமேல் கிட்டார் இருப்பதைப் பார்த்ததும், தான் சொன்ன சொல்லை வைத்துக்கொண்டு நான் ரோஷத்தில் காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். யார் எடுக்கப் பார்க்கிறார்கள் என்றுகூட விசாரிக்காமல் கையைத் தூக்கிவிட்டார். எனக்கும் அவருக்கும் நடுவில் வாழைமரம். கண்டக்டருக்கு இரண்டு பேரையும் தெரியும். சபைக்கே தெரியும். ஏலப் பணத்தில் கோயில் கூரைக்கு ஓடு மாற்ற வேண்டியிருக்கிறது, எதற்காகச் சொல்லப் போகிறார்கள்?

அவர் என்னைப் பார்த்துவிட்டார். முகம் போன போக்கை எழுத எனக்கு வராது. கண்டக்டர் இரண்டு கையையும் விரித்து, "யாராச்சும் ஒருத்தர் எறக்குங்க. ரெண்டும் ஒரே கல்லாப்பெட்டிதான?" என்றார். பந்தல் வெடித்துச் சிரித்தது.

நான் இறக்கியிருக்கலாம். யார் எடுத்தாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வரப்போகிறது. ஆனால் அந்த இடத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருடமாக அதை எனக்கு யாரும் கொடுக்கவில்லை, நானேதான் வாங்கினேன், நானேதான் படித்தேன். இப்போது அவர் எடுத்தால் அது அவர் எனக்கு வாங்கிக் கொடுத்ததாகிவிடும். அவர் கோபத்தில் சொன்னதும் நல்ல மனசால் செய்ததும் அந்தக் கிட்டாரோடேயே ஒட்டிக்கொண்டு வரும். வேண்டாம்.

கையை இறக்கவில்லை. அவரைப் பார்த்தே சொன்னேன்: "நான்தான் எடுப்பேன்."

அவர் கையை மெதுவாக இறக்கி, அதைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, "அவுகளுக்கே விடுங்கண்ணே" என்றார். கண்டக்டர் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் சொன்னார்.

ஷட்டர் இன்னும் மாற்றவில்லை. துருப்பிடித்து ஒரு பக்கம் மாட்டிக்கொள்ளும், தனி ஆளால் தூக்க முடியாது. காலையில் அவர் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம் பிடித்துத் தம் கட்டித் தூக்குகிறோம். பாதியில் நின்றுவிட்டால் அவர் என்னைப் பார்ப்பார். நான் கையை எடுப்பதில்லை.