காய்ச்சி வடித்த அரை டம்ளர்

கோஷம் போடக் கற்றுத்தருவதைவிடக் கஷ்டமான தொழில், தண்ணீரைக் காய்ச்சி வடிக்கக் கற்றுத்தருவது. நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளருக்காக முப்பது வருஷம் மைக் பிடித்தவன் நான். இப்போது சங்கத்தில் புது ஆட்கள். எனக்கு மிஞ்சியது, புயல் காலத்துக்காக நானே எழுதிய ஒரு துண்டறிக்கையும் ஒரு அலுமினிய அண்டாவும்தான். குடத்தோடு டேங்கருக்காக நின்று கால் கடுத்தவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

ஒரு மணி நேர விறகு

போன புயலில் கம்மாபுரம் பக்கம் ஒரு காலனியில் பொதுக்கிணற்றுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. அங்கே செல்விக்கு ஏழு மாதக் கைக்குழந்தை. பால்பவுடர் கரைக்க அரைக் கேன் தண்ணீர்தான் மிச்சம். மறுநாள் காலையோடு தீர்ந்துவிடும்.

அவள் வாசலில் அடுப்பு மூட்டினேன். அண்டாவில் கிணற்றுத் தண்ணீர், நடுவில் கல் மேல் காலிக் கிண்ணம், குழிந்த மூடியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் குளிர்ந்த தண்ணீர். ஆவி மூடியில் பட்டுக் கிண்ணத்தில் சொட்டும். உப்பும் சேறும் அண்டாவிலேயே தங்கும், கிருமி செத்துப்போகும். ஒரு மணி நேரம் முந்திரி விறகு எரித்ததில் அரை டம்ளர் சேர்ந்தது. செல்வி எட்டிப் பார்த்தாள்.

"இது ரொம்பறதுக்குள்ள எம் புள்ள பள்ளிக்கூடம் போயிடும்போல இருக்குதுங்க, தலைவரே."

ஆவி கசியக்கூடாதாம்

இன்னும் விறகு கேட்டு வரப் போனேன். திரும்பி வந்தால், செல்வியின் புருஷன் முருகவேல் மைதா மாவைப் பிசைந்து மூடியைச் சுற்றி அப்பி, மேலே அம்மிக் குழவியையும் ஏற்றி வைத்திருக்கிறான். அனல்மின் நிலையத்தில் பாய்லர் பராமரிப்பு கான்ட்ராக்ட் வேலை அவனுக்கு. ஆவி போக வழியில்லாமல் அண்டா உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குழந்தை. எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லிக் கத்திவிட்டு, விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றி அணைத்தேன். "வெடிச்சிருந்தா?" என்றேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"பதினஞ்சு வருஷமா ஸ்டீம் லீக்க அடைச்சிக்கினு கெடக்கறேன். கண்ணு முன்னால லீக்காவறத எப்பிடிங்க பாத்துக்கினு நிக்கறது?"

டீசல் வாசம்

மறுபடி வடித்து ஒரு டம்ளர் சேர்ந்ததும் பெருமையாக நீட்டினேன். செல்வி முகர்ந்து பார்த்து முகம் சுளித்தாள். கிணற்றோரத்து மோட்டார் இன்ஜின் வெள்ளத்தில் மூழ்கி, டீசல் தண்ணீரில் கலந்திருந்தது. 'காய்ச்சி வடித்தால் எல்லா அழுக்கும் போய்விடும்' என்று நான் அச்சடித்திருந்தேன். டீசலும் சில பூச்சிமருந்துகளும் ஆவியோடு ஆவியாக ஏறி வரும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அப்போது நான் விடாமல் துண்டறிக்கையைப் பிரித்துக் காட்டினேன்.

"அந்தக் காயிதத்த நீங்க கரைச்சிக் குடிங்க. எம் புள்ளைக்குக் குடுக்க மாட்டேன்."

அதிகாரி கேட்டது

மறுநாள் காலை கேன் காலி. காலிக் குடங்களோடு காலனியே ரோட்டில் உட்கார்ந்தது. இடுப்பில் குழந்தையோடு செல்வி முன்னால். வந்த அதிகாரியின் கையில் என் துண்டறிக்கை. "வீட்லயே தண்ணி தயாரிக்கலாம்னு உங்க தலைவரே எழுதியிருக்காரே, அப்புறம் எதுக்கு டேங்கர்?" என்றார். செல்விதான் எழுந்து அந்த டீசல் வாசத் தண்ணீர் டம்ளரை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஒரு வாய் குடிச்சிக் காட்டுங்க சார், நாங்க எழுந்து போயிடறோம்."

ஒரு மணி நேரத்தில் டேங்கர் வந்தது. முதல் குடம் செல்விக்கு.

முப்பது வருஷமாக நான் எழுதிய துண்டறிக்கைகளில் அதிகாரிகள் ஒரு வரி விடாமல் படித்தது, நான் தப்பாக எழுதிய இது ஒன்றைத்தான்.