தூணுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல்

மகேந்திரனைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் போனபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. நரம்பு செத்துத் தசைகள் ஒவ்வொன்றாக ஓயும் நோய். கைகள் போய்விட்டன, கால்களும் ஏறக்குறையப் போய்விட்டன. பேச்சு குழறினாலும் புரிந்தது. இதே நோயில் கிடந்த மூன்று பேரை முன்பே பார்த்துக்கொண்டவள் நான். அடுத்தது கழுத்து, அதற்கடுத்தது மூச்சு என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அதனால்தான் அவசரப்பட்டார்.

ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். மைசூரில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலை, முப்பத்தொரு வருஷம். வேலை முடிந்து வந்து, குளியலறையில் உட்கார்ந்து ஒரு கண்ணாடி வட்டைப் பதினாலு மாதம் தேய்த்துத் தானே தொலைநோக்கி செய்துகொண்டவர். மொட்டை மாடியில் வைத்துப் பார்ப்பார். படி ஏற முடியாமல் போனதும், மைசூரின் போகாதிப் பகுதியில் இருந்த வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் அதற்கென்று ஓர் அறை கட்டத் தொடங்கினார். கூரை தகரம். இரும்பு கேட்டுக்குப் போடும் சக்கரத்தில் ஓடும். தள்ளினால் வானம் திறக்கும்.

ஆசை ஒன்றுதான். சனிக்கிரகத்தின் வளையத்தை இன்னொரு தடவை தன் கண்ணாடியில் பார்க்க வேண்டும். அந்த வருஷம் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டத் திரும்பிக்கொண்டிருந்தது. மாதத்துக்கு மாதம் மெலிந்து, மாசி வந்தால் சனியே சூரிய வெளிச்சத்தில் மறைந்துவிடும். அது திரும்பி வரும்போது இவர் இருக்கமாட்டார்.

கட்டியவன் செல்லக்கண்ணு. கொள்ளேகால்காரன், வேலை சுத்தமான மேஸ்திரி. தொலைநோக்கி நிற்கும் காங்கிரீட் தூணைச் சுற்றி, தரையைத் தொடாமல் இரண்டு விரல் இடைவெளி விடச் சொல்லியிருந்தார் மகேந்திரன். தரையில் யார் நடந்தாலும் அதிர்வு தூணுக்குப் போகக் கூடாது. தூண் தனியாக மண்ணில் நிற்க வேண்டும்.

"ஏனுங்கண்ணா, சந்து விட்டா எறும்பு ஏறுமுங்க. பாம்பு கூடப் பூந்துக்குமுங்க."

"பூந்தா நான் பாத்துக்கறேன். நீ கை வைக்காத."

"நீங்க எங்கீங்க பாப்பீங்க, உங்களையே அக்காதான் பாக்குது" என்றான். மகேந்திரன் சிரித்துப் புரையேறி, நான் முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று.

ஐப்பசியில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். வரும்போது மூச்சுக்கு முகமூடியும் மெஷினும் கூடவே வந்தன. அந்த ஒன்பது நாளில் செல்லக்கண்ணு வேலையை முடித்து வைத்திருந்தான். முடித்தான் என்றால், இடைவெளியில் கம்பித் துண்டுகளைச் செருகி, கலவை போட்டு அடைத்து, மேலே சிவப்பு ஆக்சைடு பூசி, தரையும் தூணும் ஒன்றே என்று தெரியும்படி பளபளவென்று தேய்த்திருந்தான். கூலி கேட்கவில்லை. நோயாளிக்குச் செய்த உபகாரம். சந்தோடு ஒரு தரையை விட்டுவிட்டுப் போக அவன் கைக்கு வராது.

அந்த அறையில் முதல் நாள், சாயங்காலம் ஏழு மணி. மகேந்திரனால் தொலைநோக்கியைத் திருப்ப முடியாது. அவர் மனைவி சௌம்யாதான் அதைத் திருப்பிச் சனியைப் பிடித்தாள். பள்ளிக்கூட டீச்சர். அந்த அறையை ஆரம்பத்திலிருந்தே வெறுத்தவள். ஆனாலும் கற்றுக்கொண்டிருந்தாள். கண் வைத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, கொதிக்கிற ரசத்துல கடுகு மாதிரி குதிக்குது" என்றாள்.

மெஷின் ஓடும் அதிர்வு தரை வழியாகத் தூணுக்குப் போயிற்று. மெஷினை வெளியே மண்ணில் வைத்துப் பார்த்தேன், முகமூடிக் குழாய் எட்டவில்லை. கையில் தூக்கிப் பிடித்தால், பிடிக்கிற நானும் அதே தரையில்தான் நிற்கிறேன்.

"மெஷினை நிறுத்துங்க அக்கா. யாரும் அசையாதீங்க. ரெண்டு நிமிஷம்" என்றார் மகேந்திரன்.

"முடியாது" என்றேன்.

"என் மூச்சு."

"நிறுத்துறது என் கை. ரெண்டு நிமிஷம்னு நீங்க சொல்வீங்க. மூணாவது நிமிஷம் சாட்சி சொல்ல நீங்க இருக்க மாட்டீங்க."

"அப்போ எதுக்கு என்னை வெச்சிருக்கீங்க?" என்றார். அது எனக்குச் சொன்னதல்ல. சௌம்யா கூரையை இழுத்து மூடினாள்.

செல்லக்கண்ணு ஊரில் தன் அக்கா மகள் கல்யாணத்தில் இருந்தான். எட்டு நாள் கழித்து வந்து, விஷயம் தெரிந்ததும் தூணுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். டிரில் போட்டால் தூண் விரிசல் விடும் என்பதால் உளியும் சுத்தியலும்தான். தான் செருகிய கம்பிகளைத் தானே அறுத்தான். "இவ்வளவு நல்லாவா போட்டுத் தொலைச்சேன்" என்று திட்டிக்கொண்டே நாலு நாள் உடைத்தான். அந்த நாட்களில் மகேந்திரனின் பேச்சு நின்றுபோனது. இடது கட்டைவிரலில் மட்டும் கொஞ்சம் அசைவு. என் உள்ளங்கையில் ஒரு அழுத்து என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை.

பிறகு புயல் மழை. பதினேழு நாள் வானம் மூடியே கிடந்தது. கழுத்தும் விழுந்தது.

மார்கழி முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் வானம் விட்டது. நாற்காலியைத் தொலைநோக்கியில் கண் வைக்கும் குழலுக்கு நேராக வைத்தேன். இந்த நிலைமையில் முன்னால் சாய்த்தால் முகமூடி இருந்தாலும் மூச்சு போதாது. "விரல்ல மாட்டின ஆக்ஸிஜன் மெஷின்ல எண்பத்தஞ்சுக்குக் கீழ காட்டினா உங்களைப் பின்னால எடுத்துருவேன். சம்மதமா?" ஒரு அழுத்து.

ஒரு கையால் நெற்றியைத் தாங்கிப் பிடித்தேன். இன்னொரு கை அவர் விரலடியில். சனி நகர்ந்துகொண்டே இருக்கும். சௌம்யா பக்கவாட்டிலிருந்த சின்னக் குழலில் பார்த்துப் பார்த்துத் தொலைநோக்கியைத் தள்ளிக்கொடுத்தாள்.

தொண்ணூற்றொன்று. "தெரியுதா?" இரண்டு அழுத்து. சௌம்யா ஃபோகஸ் குமிழைக் கொஞ்சம் திருப்பினாள். எண்பத்தெட்டு. இரண்டு அழுத்து. "இந்தப் பக்கம் திருப்பும்மா" என்றேன், எனக்கு ஒன்றும் தெரியாமலே. எண்பத்தேழு. ஒரு அழுத்து.

"வளையம்?" ஒன்று.

"ஆடுதா?" இரண்டு.

எண்பத்தாறு. எண்பத்தைந்து. எண்பத்துநாலு. தலையை எடுத்துப் பின்னால் சாய்த்தேன். அவர் விரல் இரண்டு, இரண்டு, இரண்டு என்று அழுத்திக்கொண்டே இருந்தது. சௌம்யா குனிந்து பார்த்துவிட்டு, "இன்னும் நடுவுலதான் இருக்கு அக்கா, இன்னும் அங்கயேதான் இருக்கு" என்றாள்.

எண் தொண்ணூறுக்கு ஏற இருபது நிமிஷம் ஆயிற்று. அதற்குமேல் அன்றைக்குத் துணியவில்லை. அதற்குப் பின் ஒருநாளும் துணியும் நிலைமை வரவில்லை. தை பதினொன்றாம் தேதி போய்விட்டார். அதுவரை நான் கை நீட்டினால் விரலை அசைக்கவில்லை. மனைவி நீட்டினால் அசைத்தார்.

காரியம் முடிந்து நான் துணிமணி எடுக்கப் போன அன்று சௌம்யா கேட்டாள், "இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருக்கலாமா அக்கா?"

"விட்டிருக்கலாம்" என்றேன். "அந்த ஒரு நிமிஷத்துல போயிருக்கவும் செய்யலாம். எதுன்னு எனக்குத் தெரியாதும்மா."

அவள் அதை ஏற்றுக்கொண்டாளா என்று நான் கேட்கவில்லை.