நிற்கும் சைக்கிளில் ஹெல்மெட்

அற்புதசாமி மிதிக்கும் சைக்கிள் எங்கும் போகாது. பாலக்கரையில் அவர் வீட்டு முன்னறையில், பின்சக்கரம் தரையில் படாதபடி ஸ்டாண்டில் நிற்கும். முன்சக்கரத்தை ஜன்னல் கம்பியோடு சேர்த்து அவர் மனைவி ரோசம்மாள் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தாள். சாவி அவள் இடுப்பில் இருந்தது. அதில் ஏறும்போது தலையில் மஞ்சள் ஹெல்மெட் இருக்க வேண்டும் என்பதும் அவள் போட்ட கட்டளைதான்.

அவர் பதினெட்டு வருடம் படப்பெட்டி சுமந்தவர். மெயின்கார்டு கேட் பக்கத்துக் கொட்டகையிலும் ஸ்ரீரங்கத்துக் கொட்டகையிலும் ஒரே படம், பிரிண்டும் ஒன்றுதான். மெயின்கார்டு கேட்டில் முக்கால் மணி நேரம் முன்னதாக ஆட்டம் தொடங்கும். ஓடி முடிந்த ரீல்களைப் பெட்டியில் வைத்து, கேரியரில் கட்டி, காவிரிப் பாலம் தாண்டி இருபத்திரண்டு நிமிடத்தில் அங்கே சேர்க்க வேண்டும். எந்தப் படத்தையும் அவர் முழுதாகப் பார்த்ததில்லை. ஆனால் அவரால் ஸ்ரீரங்கத்தில் திரை ஒருநாளும் வெறுமனே நின்றதில்லை.

எழுபத்தாறாம் வருட ஐப்பசி மழையில் பாலத்தின் மேல் ஒரு லாரி உரசிவிட்டுப் போனது. நடைபாதைக் கல்லில் தலை மோதியது. பதினொரு தையல். காயம் ஆறியது, அதற்குப் பிறகு வலிப்பு வந்தது. இரண்டாவது முறை காந்தி மார்க்கெட்டில், வெங்காய மண்டி வாசலில் விழுந்தார். வலிப்பு வந்தவர் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்று யாரோ ஓடிவந்து எடைக்கல்லைத் திணித்திருந்தார்கள். கண் விழித்தபோது சுற்றிலும் கால்கள், கையில் இரண்டு கிலோ படிக்கல். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தெருப் பக்கம் தலைகாட்டவில்லை. ரோசம்மாள் அந்த வாரம்தான் சங்கிலி வாங்கினாள்.

"சித்திரைப் பிறப்புக்குப் புதுப் படம்ண்ணே" என்று கொட்டகை ஆபரேட்டர் மீரான் வந்து சொன்னார். "அதுவரைக்கும் மேனேஜரைப் பிடிச்சு வச்சிருக்கேன். அப்பவும் வரலைன்னா வேற ஆளைப் போட்டுருவாரு."

அதைக் கேட்டுத்தான் அந்த ஒப்பந்தம் பிறந்தது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் நாற்பது நாளும் ஆஸ்பத்திரி மாத்திரை தவறாமல் சாப்பிட வேண்டும். தினமும் மதிய ஆட்ட நேரத்தில் ஸ்ரீரங்கத்துக்கு நாலு நடை போகும் அளவுக்கு மிதிக்க வேண்டும். ஒரு நாளும் வலிப்பு வரக்கூடாது. அப்படி முடிந்தால் ரோசம்மாள் சாவியைக் கொடுத்துவிடுவாள்.

ஹெல்மெட்டைக் கொண்டுவந்தவர் அவள் அண்ணன் அடைக்கலராஜ், அரியமங்கலத்துப் பட்டறையில் வெல்டர். வரும்போதெல்லாம் வாசலில் நின்று குரல் கொடுப்பார்.

"என்ன மாப்ள, பாலம் ஏறி மாம்பழச்சாலை தாண்டியாச்சா?"

"கிண்டல் பண்ணாதீங்க மச்சான். ஓடாத சைக்கிளுக்கு இந்தச் சட்டி எதுக்குன்னு உங்க தங்கச்சியைக் கேளுங்க."

"சைக்கிள் ஓடலைன்னா என்ன? தரை சிமெண்டுதானே?" என்று அடுப்படியிலிருந்து ரோசம்மாள் சொல்வாள். பிறகு வந்து, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் விடாமல், தாடைக்குக் கீழே வாரை மாட்டிவிட்டுப் போவாள். வியர்வையில் நெற்றி அரித்தது. தெருப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிச் சிரித்தார்கள்.

பளு தெரிய வேண்டும் என்பதற்காக அவர் டைனமோவை டயரில் சாய்த்துவிட்டு மிதித்தார். அது உர்ரென்று சத்தம் போடும். முன்விளக்கு எரிந்து, சுவரிலிருந்த மாதாகோவில் காலண்டரின் மேல் வெளிச்சம் விழும். ஒவ்வொரு நாளும் இறங்கியதும் அன்றைய தேதியில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். ஞாயிறு தவக்கணக்கில் சேராது என்பதால் அன்று ஏறமாட்டார். நாள் கூடக் கூட அவர் முகம் தெளிந்தது. இப்போதெல்லாம் பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தார்.

முப்பத்தாறாம் நாள், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை. மூன்றாவது நடையில் வாயில் துருவின் ருசி தட்டியது. காலண்டர் மேல் இருந்த வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது வரைதான் அவருக்கு நினைவிருந்தது.

விழித்தபோது தரையில் பக்கவாட்டில் கிடந்தார். ஹெல்மெட் தலையில்தான் இருந்தது. வார் மட்டும் தளர்ந்திருந்தது. வாயோரம் யாரோ துடைத்திருந்தார்கள். அறையில் ஒருவரும் இல்லை. தெருக்கதவு சாத்தியிருந்தது, ஜன்னலும்தான். வலது கை இறுக மூடியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளே சங்கிலிப் பூட்டின் சாவி.

அடுப்படியில் ரோசம்மாள் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். டைனமோ சத்தம் நின்றதும் ஓடி வந்திருப்பாள். இரும்பு என்று தேட நேரம் இருந்திருக்காது. இடுப்பில் இருந்ததைக் கொடுத்திருக்கிறாள்.

அவர் சாவியை நீட்டினார். அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிச் செருகிக்கொண்டாள்.

"வெந்நீர் போட்டிருக்கேன். குளிச்சிட்டு வாங்க."

குளித்துவிட்டு வந்து காலண்டர் முன்னால் வெகுநேரம் நின்றார். ஹெல்மெட்டின் இடப்பக்கம், காதுக்கு மேலே, மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. அதை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து அன்றைக்கும் கோடு போட்டார்.

மீதி நாலு நாளும் மிதித்தார். அவள் வாரை மாட்டிவிட்டுவிட்டு அடுப்படிக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பெரிய சனிக்கிழமை, அன்றைய மிதி முடிந்து நாற்பதாவது கோடும் விழுந்த பிறகு, மீரான் வந்தார். காலண்டரைப் பார்த்துவிட்டு, "நாப்பதும் முடிஞ்சிருச்சுபோல! புதன்கிழமை படம் வருதுண்ணே. நீங்க வர்றீங்கன்னு சொல்லிரட்டுமா?" என்றார்.

அற்புதசாமி மனைவியைப் பார்த்தார். அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து ஸ்டூலின் மேல், அவருக்குக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள்.

"அவரையே கேளுங்க பாய். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

சொல்லமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டுக்கொண்டாவது வெளியே போயிருப்பார்.

"முட்டி வலி விடமாட்டேங்குது பாய்" என்றார். "பாலம் ஏற முடியாது. வேற ஆளைப் பாருங்க."

மீரான் அவருடைய முட்டியைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், எழுந்தார். அவர் போன பிறகு ரோசம்மாள் பூட்டைத் திறந்து சங்கிலியை உருவிச் சுருட்டிப் பரணில் போட்டாள். போட்டுவிட்டு அங்கேயே, அந்தப் பக்கம் திரும்பியபடி, நின்றுகொண்டிருந்தாள்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை மதிய ஆட்ட நேரத்துக்கு அற்புதசாமி எழுந்து ஆணியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்தார். யாரும் போடச் சொல்லவில்லை. வாரைத் தாமாகவே மாட்டிக்கொண்டு, பூட்டில்லாத அந்தச் சைக்கிளில் ஏறி, டைனமோவைச் சாய்த்தார். எண்பத்து நாலாம் வருடம் சாகும் வரை அப்படித்தான் மிதித்தார்; சைக்கிள் ஒருநாளும் ஸ்டாண்டை விட்டு இறங்கவில்லை.